மழைச் சத்தம் போடற டப்பா

அந்தச் சேர்ல உக்காராதே கண்ணு, அதுக்கு ஒரு காலு ஆட்டம். இங்க வா, எம்பக்கத்துல உக்காரு. புதுசா? அதான், ஃபாரத்தைக் கையில வெச்சுக்கிட்டுப் பேந்தப் பேந்த முழிக்கறயே, பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. பேனா இருக்குதா? இந்தா, எழுது. நான் எட்டிப் பாக்கறவ இல்ல. தாராபுரம்னு கண்ணுல பட்டுச்சு, அதான் கேக்கறேன், தாராபுரத்துல எந்தப் பக்கம்? சரி சரி, சொல்ல வேண்டாம். கையை வெச்சு மறைச்சுக்கிட்டே எழுது.

உனக்கு எத்தனை மணிக்கு? பன்னண்டா? எனக்குப் பதினொண்ணு. இன்னும் முக்கா மணி நேரம் கெடக்குது. இந்த ஹாலு எனக்குப் பழக்கம் கண்ணு. கீழ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரு, இந்த ரிசப்ஷன் புள்ள, தண்ணி கேன் போடறவரு, எல்லாத்துக்கும் சாந்தாமணின்னா தெரியும். அஞ்சு மாசம், வியாழன் தவறாம, இதே சேர்ல உக்காந்திருந்தவ நான். அதனால சொல்றேன், உள்ளே போறதுக்கு முன்னால சிலதைத் தெரிஞ்சுக்கோ. எனக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாமப் போச்சு. சொல்லியிருந்தா எம்பொழப்பு இப்புடிச் சந்தி சிரிச்சிருக்காது.

மொத விஷயம், கையில எதையும் கொண்டுக்கிட்டுப் போகாதே. நான் மொத நாளு எங்கூட்டு மரத்து முருங்கக்காய் ஒரு கட்டும், ஒரு சீப்புப் பழமும் கொண்டுக்கிட்டு வந்தேன். உள்ளே கவுன்சிலிங் பாக்கற ஜெசிந்தா மேடம் கையைக் கட்டிக்கிட்டு, "ரொம்ப நன்றிங்கம்மா, நாங்க எதையும் வாங்கிக்கறதில்ல"ங்கறாங்க. முருங்கக்காயை வேண்டாம்னு சொன்ன பொம்பளையை என்ற ஆயுசுல அன்னிக்குத்தான் பாத்தேன். நீங்க எந்த ஊருங்கன்னு கேட்டேன், சிரிச்சாங்க. கொழந்தைங்க எத்தனைங்கன்னு கேட்டேன். "அது தெரிஞ்சா உங்களுக்கு எப்படி உதவியா இருக்கும்னு நினைக்கறீங்க?"ன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க! பெத்த புள்ளையைக் கொண்டாந்து ஒருத்தருகிட்ட ஒப்படைக்கறோம், அவிய ஆரு, என்ன, கட்டிக்குடுத்த ஊரு எதுன்னு தெரிய வேண்டாமா? பஸ்ல பக்கத்துல உக்கார்றவகிட்டயே நாம கேட்டுக்கறமே.

அப்பறம், புத்தி சொல்லுவாங்கன்னு நம்பிப் போகாதே. சொல்ல மாட்டாங்க. நான் என்ன பண்ணினேன், ரோசனையா ஒரு சீட்டுல எழுதிக் கொண்டாந்தேன். இந்துஜாகிட்ட எடுத்துச் சொல்ல வேண்டியதுன்னு தலைப்புப் போட்டு, எட்டு விஷயம். இந்துஜா எம்பொண்ணு, இருபத்தெட்டு வயசு, ஒத்தைப் புள்ள. அம்மாகிட்ட பழையபடி பேசணும், நேரத்துக்குச் சாப்புடணும், நடந்தது நடந்துபோச்சுன்னு விட்டுப்போடணும், இப்புடி. மேடம் அதை முழுசாப் படிச்சாங்க. படிச்சுப்போட்டு நாலா மடிச்சு எங்கிட்டயே குடுத்தாங்க. "இதை நீங்களே உங்க பொண்ணுகிட்ட சொல்லிப் பாத்தீங்களாம்மா?" நான் சொல்லி அவ கேட்டா, நான் எதுக்குப் பவானியில இருந்து ஈரோட்டுக்கு பஸ் ஏறி வர்றேன்? நீயே சொல்லு.

நேரம் பாத்துக்கோ. அம்பது நிமிஷம். நீ அழுதுக்கிட்டிருந்தாலும் சரி, அம்பதாவது நிமிஷம் எந்திரிச்சுருவாங்க. வெளியில எங்கயாச்சும் பாத்தா கண்டுக்கவும் மாட்டாங்க. ஒரு நாளு உழவர் சந்தையில நேருக்கு நேரா வர்றாங்க, கையில கத்திரிக்காய். நான் வாயெல்லாம் பல்லா, "ஏனுங் மேடம், நல்லா இருக்கறீங்களா"ன்னு கிட்டத்துல போனா, லேசாத் தலையை ஆட்டிப்போட்டு அக்கட்டால போயிட்டாங்க. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. கேட்டா, நாங்க இங்க வர்றது ஊருக்குத் தெரியக் கூடாதாம், எங்க நல்லதுக்காம். கத்திரிக்காய் வாங்கற எடத்துல எனக்கென்ன மானமா போயிரும்?

இதெல்லாம் போகட்டும். பெரிய விஷயம் இதுதான். உள்ளே ஒருத்தர் பேசினது வெளியில வராது. பெத்த தாயா இருந்தாலும் சொல்ல மாட்டாங்க. உன்ற ஃபாரத்துல ரெண்டாவது பக்கம் போட்டிருக்கும் பாரு, உசுருக்கு ஆபத்துன்னாத்தான் வெளியில சொல்லுவோம்னு. நான் அதை மூணு தடவை படிச்சேன். படிச்சு, ஒரு வியாழக்கிழமை மேடத்தைப் புடிச்சு, "எம்புள்ள உள்ள என்ன பேசறான்னு தெரியாட்டி நான் செத்துருவேனுங், என்ற உசுருக்குத்தான் ஆபத்து, சொல்லுங்க"ன்னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான? அந்தம்மா அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க. உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, எப்போ இருந்து இப்புடித் தோணுது, என்ன பண்ணிக்கலாம்னு நெனச்சீங்கன்னு இருவது நிமிஷம் கேள்வி. அதோட விட்டாங்களா? எங்கூட்டுக்காரருக்குப் போன் போட்டுட்டாங்க. மனுசன் மஞ்ச மண்டியில எடை போடறவரு, கையெல்லாம் மஞ்சளோட வேர்த்து விறுவிறுத்து ஓடியாறாரு. என்னைப் பாத்ததும் இந்த ஹால்ல நின்னு அழுதுபோட்டாரு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல. எனக்கு வெக்கமாப் போச்சு. இந்துஜா என்ன சொன்னாங்கறது மட்டும் ஒரு வார்த்தை வெளியில வரல.

நீ தண்ணி குடிக்கறயா கண்ணு? அங்க கேன் இருக்குது. வேண்டாமா, சரி.

அப்புடி என்னதான் நடந்துச்சுன்னு கேக்கத் தோணுதில்ல உனக்கு? கேக்க மாட்டே, மரியாதை தெரிஞ்ச புள்ள. நானே சொல்றேன். உங்கிட்டச் சொன்னா என்ன, நீ எங்க ஆளுகளைப் பாக்கப் போறயா?

கல்யாணம் ஆயி மூணு வருஷம். மாப்ள தரணிதரன், பெருந்துறையில கம்பெனி வேலை. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அவ்வளவு ஒட்டுதல். இவ காப்பி போட்டா அவரு டம்ளர் கழுவுவாரு. லீவுல வண்டியை எடுத்துக்கிட்டு அணைக்கட்டுக்குப் போவாங்க. ஆனா வயித்துல ஒண்ணும் தங்கல. சொந்தபந்தம், ஒறம்பரை சும்மா இருக்குமா? நானும் கேட்டேன், நான் மறைக்கல. கொடுமுடிக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கோயம்புத்தூருக்கு டாக்டரைப் பாக்கப் போலாம்னு தினமும் போன் போட்டேன். கருவேப்பிலை அரைச்சுக் குடின்னேன். எல்லாத்துக்கும் சரிம்மா, சரிம்மான்னா.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊட்டுக்கு வந்திருந்தா. தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டு இருந்தேன். அப்பவும் நான் டாக்டர் பேச்சைத்தான் எடுத்தேன். அவ திரும்பாமயே சொன்னா. "அம்மா, டாக்டர் வேண்டாம்மா. நாங்க மூணு வருஷமா புருசன் பொண்டாட்டியாவே இல்லீம்மா. அவருக்கு முடியல. அவரு ராவும் பகலும் அதையே நெனச்சு உருகறாரு. இப்பத்தான் ரெண்டு பேரும் பேசி, ஒருத்தங்களைப் பாக்கறதுக்கு நாள் வாங்கியிருக்கோம். ஆறு மாசம் பொறுத்துக்கோம்மா. யாருகிட்டயும் சொல்லிராதே. அவரு என்னை நம்பி அழுதது இது."

எண்ணெய்க் கை அவ தலை மேலதான் இருந்துச்சா, அப்புடியே சத்தியம் பண்ணுன்னா. பண்ணினேன். பண்ணாம என்ன பண்ணுவேன்?

நாள் வாங்கியிருக்கோம்னு சொன்னாள்ல, அது இந்த மேடத்துகிட்டத்தான் கண்ணு. இதே எடம். எனக்கு அப்போ அது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ன, ஊரு பேரு தெரியாத ஒரு பொம்பளை இதுக்கு என்ன பண்ணிருவாங்கன்னுதான் நெனச்சிருப்பேன். சொந்தம் பந்தம் எதுக்கு இருக்குது?

பதினஞ்சு நாள் தாங்கினேன். பதினஞ்சு நாள் கண்ணு, லேசா? சோறு எறங்கல. தூக்கமில்ல. எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்ல முடியுமா, ஆம்பளைகிட்ட எப்புடி இந்தப் பேச்சை எடுக்கறது? அதுக்கப்பறம் பொறுக்க மாட்டாம என்ற தங்கச்சி சரசுகிட்ட மட்டும் சொன்னேன். ஒரே ஒருத்தி. கூடப் பொறந்தவ. அவளுக்கு விவரம் பத்தும், ஒரு வழி சொல்லுவான்னுதான். காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும்னு சொல்லித்தான் சொன்னேன். அவளும் ஒரே ஒருத்தருகிட்டத்தான் சொன்னாளாம், அவ ஊட்டுக்காரருகிட்ட. அதுல என்ன தப்பு, புருசன் பொண்டாட்டி பேசிக்கறதுதான?

ஆவணியில சரசு பேரனுக்குக் காதுகுத்து. கோயில் மண்டபத்துல பந்தி. மாப்ள மொதப் பந்தியில உக்காந்திருக்காரு, அவரு பக்கத்துல அவரோட கம்பெனியில வேலை பாக்கற பையன் ஒருத்தன். நான் எதுத்தாப்புல ரசம் ஊத்திக்கிட்டு வர்றேன். சரசு ஊட்டுக்காரரு பந்தி விசாரிச்சுக்கிட்டே வந்தாரு, மாப்ள தோள் மேல கையைப் போட்டாரு. அந்த மனுசன் மெதுவாப் பேசறதே பத்து ஊருக்குக் கேக்கும். "மாப்ள, கூச்சப்படாதீங்க. சென்னிமலைப் பக்கம் ஒரு வைத்தியரு இருக்காரு. ஒரு மண்டலம் மருந்து. எல்லாஞ் சரியாயிரும். நம்ம சாந்தாமணி அக்கா படற வேதனையைப் பாக்க முடியல."

யாரோ ஒரு ஆளு கெக்குன்னு சிரிச்சான். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. மாப்ள வாயில வெச்ச சோத்தை முழுங்காம என்னைப் பாத்தாரு. என்னைத்தான் கண்ணு, சொன்னவரைப் பாக்கல. அப்பறம் எலையை மடிச்சாரு. எங்க பக்கம் பந்தியில பாதியில எலையை மடிச்சு எந்திரிச்சா அது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியும். பாயசம்கூட இன்னும் வரல. கையைக் கழுவிக்கிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனவருதான். ஐதராபாத்துல வேலை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. போனை எடுக்கல. பதினெட்டாம் நாள் ஒரே ஒரு மெசேஜ் இவளுக்கு. "உன்னைத் தவிர யாருக்கும் சொல்லல இந்து." அவ்வளவுதான்.

இதுல எம்மேல என்ன தப்பு? நீ சொல்லு. பந்தியில சொன்னவரு சரசு ஊட்டுக்காரரு. சிரிச்சவன் எவனோ. எலையை மடிச்சவரு மாப்ள. நான் ரசம் ஊத்திக்கிட்டிருந்தேன். ஒரு தாயி, எம்புள்ள வாழ்க்கை இப்புடியே போயிருமோன்னு பதறி, கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னது ஒரு குத்தமா? ஊரே எங்கிட்டத்தான் வந்து துக்கம் விசாரிச்சுது. ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல இருந்து எடுத்துச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு.

இவ பெட்டியை எடுத்துக்கிட்டு எங்கூட்டுக்கு வந்துபோட்டா. வந்தவ என்னைத் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு சொல்லு திட்டல. சாப்புடறயான்னா ம். வேண்டாமான்னா ம். அந்த வாங்கி வெச்சிருந்த நாளுக்குத் தனியாவே கெளம்பினா. ரெண்டு பேராப் போக இருந்த எடத்துக்கு ஒருத்தியாப் போறாளேன்னு எனக்கு மனசு கேக்கல. அவ கூப்புடல, நானாத்தான் கூட வந்தேன்.

மொத நாளு இந்த ஃபாரத்தை அவ எழுதறப்போ தற்செயலாப் பாத்தேன். அவசரம்னா யாரைக் கூப்புடணும்னு ஒரு கட்டம் இருக்குதில்ல? அதுல நிரஞ்சனான்னு எழுதறா. அவகூடக் காலேஜ்ல படிச்சவ, ஓசூர்ல இருக்கறவ. பெத்தவ பக்கத்துல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன் கண்ணு. ஓசூர்ல இருக்கறவ எப்ப வந்து சேர்றது?

அப்பறம் இவ வாரா வாரம் உள்ளே போவா, நான் இங்க உக்காந்திருப்பேன். மூணு மாசத்துல மொகம் தெளிஞ்சுது, ஒத்துக்கறேன். ஒரு நாளு வெளியில வர்றப்போ மூக்கெல்லாம் செவந்து, ஆனா சிரிச்சுக்கிட்டே வர்றா. என்னைப் பாத்ததும் அந்தச் சிரிப்பைப் பொசுக்குனு உள்ளே வெச்சுக்கிட்டா. எனக்கு எரிஞ்சுது பாரு, அப்புடி எரிஞ்சுது. பத்து மாசம் சொமந்தவளுக்கு ம். யாரோ ஒரு ஜெசிந்தாவுக்கு அம்பது நிமிஷம் பேச்சு.

கேட்டுப் பாக்கலாம்னா, அதுக்கும் வழி அடைச்சு வெச்சிருக்காங்க. அந்தக் கதவுக்கு வெளியில, கீழ, வெள்ளையா ஒரு டப்பா இருக்குது பாரு. உன்ற காதுக்கு இப்ப மழை பெய்யற மாதிரி ஒரு எரைச்சல் கேக்குதா? மழை இல்ல, அது இந்த டப்பாதான். கரண்டுல ஓடுது. உள்ளே பேசறது வெளியில கேக்கக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு. நான் மொத நாளு மழைன்னு நெனச்சு, மாடியில துணி காயுதேன்னு ஊட்டுக்குப் போன் பண்ணினேன்னா பாரேன்.

பங்குனி மாசம். ஒரு வியாழக்கிழமை ரிசப்ஷன் புள்ள கீழ டீ வாங்கப் போச்சு. ஹால்ல நான் மட்டும்தான். எந்திரிச்சேன். போனேன். ப்ளக்கை ஒரே இழு, இழுத்துப்போட்டேன். சொவத்துல இருந்து சொருகற எடமே கொஞ்சம் பேத்துக்கிட்டு வந்துருச்சு. மழை நின்னுபோச்சு. உள்ளே எம்புள்ள கொரல், கண்ணாடித் தண்ணியாட்டம் சுத்தமாக் கேக்குது. அஞ்சு மாசம் கழிச்சு அவ கொரலை நான் முழுசாக் கேக்கறேன் கண்ணு. எனக்கு அழுகை வந்துருச்சு. கொஞ்ச நேரம்தான், ஒரு நிமிஷம்கூட இருக்காது. சத்தம் நின்னதை உள்ளே கண்டுபுடிச்சுட்டாங்க. கதவு தெறந்துச்சு. மேடம் நிக்கறாங்க. அவிய தோளுக்குப் பின்னால இந்துஜா. நான் கையில ப்ளக்கோட நிக்கறேன்.

அவ என்ற மொகத்தைப் பாக்கல. ப்ளக்கைத்தான் பாத்தா. அப்பறம் அவ செருப்பைப் போட்டுக்கிட்டா. பஸ்ல அவ முன்னால சீட்டு, நான் பின்னால. அடுத்த வாரமே ஓசூருக்குப் போயிட்டா, வேலை கெடச்சுருச்சுன்னு. எந்தத் தெரு, எந்த வீடு, எதுவும் எனக்குத் தெரியாது. மேடத்துகிட்டக் கம்ப்யூட்டர்லயே பேசிக்கறாளாம். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எனக்குப் போன் வரும். நல்லா இருக்கியாம்மா, மாத்திரை போட்டயாம்மா, அப்பா நல்லா இருக்காரா. நாலு நிமிஷம். நான் கடியாரம் பாத்துக்கிட்டேதான் பேசறேன்.

என்ன கேட்டே? அட, வாயைத் தெறந்துட்டயே! அன்னிக்கு உள்ளே என்ன கேட்டுச்சுன்னா?

அது வேண்டாம் கண்ணு.

வேண்டாம். அதை நான் யாருகிட்டயும் சொல்லல. எங்கூட்டுக்காரருகிட்ட இல்ல, சரசுகிட்ட இல்ல. சரசு தோண்டித் தோண்டிக் கேட்டா. மறந்துபோச்சுன்னுட்டேன். நாலு மாசமா உள்ளயே கெடக்குது. நானா இப்புடி இருக்கேன்னு எனக்கே அதிசயமா இருக்குது.

இன்னிக்கு எதுக்கு வந்திருக்கேன்னு சொல்றேன், அதைக் கேளு. போன மாசம் மேடத்துக்குப் போன் போட்டு, எம்புள்ள எப்புடி இருக்கா, அதை மட்டும் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். அதையும் சொல்ல மாட்டாங்களாம். "உங்களுக்காக வர்றதா இருந்தா வாங்கம்மா, உங்களைப் பத்திப் பேசலாம்"ன்னாங்க. அதுக்கு வேற ஆளைக்கூடச் சொன்னாங்க, திண்டல்ல ஒருத்தரு, அவிய இங்க செவ்வாயும் வியாழனும் வர்றாங்களாம், அவியகிட்டத்தான் எனக்குப் பதினொரு மணிக்கு. இவிய இந்துஜாவைப் பாக்கறதால என்னைப் பாக்கக் கூடாதாம். இவிய இல்லாட்டிப் போகட்டும், ரெண்டு பேரும் ஒரே எடம்தான? ஒண்ணா டீ குடிக்காமயா இருப்பாங்க? நாலு வாரம் உக்காந்து பேச்சுக் குடுத்தா வாயில இருந்து புடுங்கிர மாட்டேனான்னுதான் வந்தேன். உங்கிட்ட மறைக்கறதுக்கென்ன.

ஆனா இந்த ஃபாரம் இருக்குதே. எதுக்காக வந்திருக்கீங்கன்னு ரெண்டு வரி விட்டிருக்காங்க. நான் கல்யாணத்துல இருந்து ஆரம்பிச்சு எழுதி, பின்பக்கமும் நெறஞ்சு, ஓரத்துலயும் எழுதினேன். இந்த ரிசப்ஷன் புள்ள வாங்கிப் பாத்துப்போட்டு, "அம்மா, இது உங்க பொண்ணைப் பத்தி. உங்களைப் பத்தி எழுதுங்க"ன்னு புதுசா ஒண்ணைக் குடுத்துருச்சு. இந்தா பாரு. பேரு எழுதியிருக்கேன், வயசு அம்பத்தஞ்சு. அவசரம்னா யாரைக் கூப்புடணும்ங்கற எடத்துல இந்துஜா நம்பரை எழுதியிருக்கேன். இந்த ரெண்டு வரி வெறுமனே கெடக்குது. என்னைப் பத்தி என்ன இருக்குது எழுதறதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்லயே.

உனக்கு என்ன கண்ணு பிரச்சினை? சின்னப் புள்ளையா இருக்கறே, ஒத்தையில வந்திருக்கறே. மனசுல இருக்கறதை எங்கிட்டச் சொல்லேன், நான் யாருகிட்டயும்...

சரி. வேண்டாம். எழுது, எழுது. ஏன் பையை எடுத்து மடியில வெச்சுக்கறே? நான் ஒண்ணும் புடுங்கிக்கப் போறதில்ல.

போன ஞாயித்துக்கிழமை அவ போன்ல பேசறப்போ ஒரு மாதிரி இருந்துச்சு. அதே நாலு கேள்விதான். ஆனா கொரல்ல ஒரு துள்ளல். பெத்தவளுக்குத் தெரியாதா? சின்னதுல பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் பரிசு வாங்கிக்கிட்டு வந்தா, சொல்றதுக்கு முன்னாலயே கொரல் அப்புடி இருக்கும். என்ன கண்ணு, ஏதாச்சும் நல்ல சேதியான்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீம்மா"ன்னா. கொரல்ல இருந்த துள்ளல் போயிருச்சு. மாப்ள திரும்பி வந்துட்டாரோ, வேலையில ஒசத்திக் குடுத்திருக்காங்களோ, என்ன எழவோ, அவளுக்கு ஒரு நல்லது நடந்திருக்குது. என்னன்னு எனக்குத் தெரியாது. எங்கிட்டச் சொல்ல மாட்டா.

ஏன்னா, அன்னிக்கு அந்தக் கதவுக்குப் பின்னால அவ சொன்னது அதுதான் கண்ணு. ப்ளக்கை இழுத்ததும் எங்காதுல விழுந்தது அதுதான். "எங்கம்மா கெட்டவங்க இல்லீங்க மேடம். எம்மேல உசுரையே வெச்சிருக்காங்க. ஆனா எனக்கு ஒரு சந்தோசம் வந்தாக்கூட, ஐயோ, இது அம்மாவுக்குத் தெரியாம இருக்கணுமேன்னுதான் மேடம் எனக்கு மொதல்ல தோணுது."

கஷ்டத்தைச் சொல்லாட்டிப் பரவால்ல. சந்தோசத்தைக்கூட. எங்கிட்ட இருந்து ஒளிச்சு வெக்கறா, திருட்டுப் போயிரும்ங்கற மாதிரி. நான் என்ன, அதை எடுத்துக்கிட்டுப் போயி நாலு பேருக்குக் காட்டுவேன், ஆசையா. அவ்வளவுதான?

சொல்லிப்போட்டேன் பாரு. நாலு மாசம் வெச்சிருந்தேன். சரி, உங்கிட்டத்தான, ஒரே ஒருத்தி.

மணி பதினொண்ணாச்சு. என்ற பேரைக் கூப்புடறாங்க. இரும்மா வர்றேன், முட்டி புடிச்சுக்குச்சு. கண்ணு, கொஞ்சம் கையைக் குடு. ஆங். நான் இப்ப சொன்னது, அந்தக் கடைசியாச் சொன்னது, உங்கூடவே இருக்கட்டும். தாராபுரத்துல எங்க ஆளுக நெறையப் பேரு இருக்காங்க. உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லிராதே. சத்தியம்... இல்ல, சத்தியமெல்லாம் வேண்டாம் கண்ணு. சத்தியம் நானும் பண்ணினவதான். சும்மா, சொல்லாம இருந்துரு.

இன்னொண்ணு. எனக்கும் இந்துஜா பேசின அதே ரூம்தான் குடுத்திருக்காங்க. நான் உள்ளே போனதும் அந்த டப்பா ஓடுதான்னு ஒரு பார்வை பாத்துக்கோ. நான் இழுத்ததுல இருந்து அந்த ப்ளக்கு சரியா நிக்கறதில்ல, தானா நழுவிக்குது. மழைச் சத்தம் நின்னுச்சுன்னா, எந்திரிச்சுப் போயி அழுத்தி விட்டுரு கண்ணு.